பொருளின் பெயர்

வாடிப்பட்டி தாண்டுமுன்னே
கனிமவளத் துறை ஜீப் குறுக்கே வந்து நின்றது.
தார்ப்பாயை விலக்கிப் பார்த்தார்கள். நாற்பது மூட்டை.
சுண்ணாம்புமில்லை, சாம்பலுமில்லை,
இரண்டுக்கும் நடுவே ஒரு வெளுப்பு.
என்ன லோடு?
டிரைவர் ஒச்சப்பன் என்னைப் பார்த்தான்.
நான் நடைச்சீட்டைப் பார்த்தேன்.
'பொருளின் பெயர்' என்ற கட்டத்தை
வெறுமனே விட்டிருந்தார்
ஒட்டன்சத்திரம் கிரஷரில் பூலோகம்.
(அவர் பெயரே அதுதான். நான் சூட்டவில்லை.)

எம்-சாண்ட் என்றால் பொய்.
ஜல்லித் தூள் என்றால் பாதிப் பொய்.
நிலா மண் சார், என்றேன். மாதிரிக்கு.
அவர் சிரிக்கவில்லை.
எத்தனை டன், என்றார்.

பகல் மூன்று மணி.
சாட்சிக்குக்கூட அது வானத்தில் இல்லை.
புளியமரத்தடியில் நின்று விளக்கினேன்:
இது பூமிக்கடியில் கொதித்த குழம்பு,
எரிமலையாய் வெடித்து வெளியேறத் தெரியாமல்
உள்ளேயே ஆறி உறைந்தது.
நிலவில் வெள்ளையாய்த் தெரிகிற மேட்டுப் பகுதி
கிட்டத்தட்ட இதே வகையறா.
அங்கிருந்து அள்ளிவர நமக்கு வசதியில்லை,
அதனால் இதை அரைத்துச் சலித்து
அங்கே வீடு கட்ட இங்கே பழகுகிறோம்.

உள்ளேயே ஆறுவது பற்றி
அவருக்கும் ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.
'மாதிரி, விற்பனைக்கல்ல' என்று
தன் பேனாவாலேயே எழுதிக் கையெழுத்திட்டார்.

பசுமலை லேபில் முதல் விதி, தண்ணீர் கூடாது.
அங்கே குழாய் இல்லை.
இங்கேயும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான்,
பாதி பழகியிருந்தோம்.
சிமெண்டுக்குப் பதில் கந்தகம்.
சிவகாசிக்குப் போன் போட்டால்
எந்தப் பட்டாசு ஆலை, லைசென்ஸ் நம்பர் என்ன என்கிறார்கள்.
வீடு கட்ட, என்றேன்.
வைத்துவிட்டார்கள்.

எப்படியோ வந்தது.
உருக்கி, மண்ணோடு கிளறி, அச்சில் இறக்கினால்
ஒரு மணி நேரத்தில் கல்.
ஆறங்குலக் கனசதுரம், எட்டு கிலோ.
அழுத்திப் பார்த்ததில்
இயந்திரம்தான் முதலில் முனகியது.
என் துப்பட்டா, டிபன் பாக்ஸ், பஸ்ஸில் பக்கத்து சீட்
எல்லாவற்றிலும் தீபாவளி மறுநாள் வாடை.

பிறகு உலையில் வைத்து
நிலவின் நடுப்பகலைக் காட்டினோம்.
அங்கே நூற்றிருபது டிகிரி.
கந்தகம் நூற்றுப்பதினைந்திலேயே இளகும்.
தெரியாமல் இல்லை.
அந்த ஐந்து டிகிரியை எதையாவது கலந்து
ஏமாற்றிவிடலாம் என்று நம்பினார் ரெஜினாள் மேடம்.
நானும் நம்பினேன், சம்பளத்துக்கு மேலேயே.
கதவைத் திறந்தால்
தோள் தொங்கி உட்கார்ந்திருந்தது கல்,
ரிசல்ட் பார்த்துவிட்டு வந்த பையன் மாதிரி.
சுடாமல் மீந்தவை அறுபத்தொன்று.
சுவரோரம் அடுக்கி
ரிஜெக்ட் என்று சாக்பீஸில் எழுதினேன்.

அக்டோபரில் கண்மாய் மறுகால் பாய்ந்து
செல்லூருக்குள் வந்தது.
லேபைக் கூட்டுகிற முத்துப்பேச்சி
கேட்காமல் நான்கை எடுத்துப் போயிருந்தாள்.
நிலவில் ஒன்று ஒன்றேகால் கிலோவாய்க் கனக்கும்.
ஷேர் ஆட்டோவில் எட்டு எட்டுதான்.
இரண்டிரண்டாய், இரண்டு நடை.
கட்டில் கால்கள் நான்குக்கும் கொடுத்து உயர்த்தி
மேலே பிள்ளைகளையும் மிக்சியையும்
ரேஷன் கார்டையும் ஏற்றிவிட்டாள்.
மூன்று நாள்.
துளி நீரில்லாத ஊருக்கென்று வார்த்தது
சாக்கடை கலந்த வெள்ளத்தில் நின்றது.
ஊறவில்லை, விரியவில்லை,
ஓரம்கூட உதிரவில்லை.

அறிக்கையில் இதற்குக் கட்டம் இல்லை.
கள ஆய்வு என்று எழுதினால்
எந்தக் களம் என்பார்கள்.

திங்கட்கிழமை வந்தவள்
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றாள்.
மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று
பெருந்தன்மையாய் முகத்தை வைத்துக்கொண்டேன்.
எதிர்வீட்டுல பிரிட்ஜ் இருக்கு மேடம்.
அது என்ன கல்லுன்னு கேட்டாங்க,
பேரு தெரியலைன்னுட்டேன்.
இன்னும் நாலு கெடைக்குமா?